அபிகாயிலின் ஜெல் பாட்டில்

கை கொடுத்தால் அபிகாயில் உடனே விடமாட்டாள். பிடித்த கையைக் கொஞ்சம் உயர்த்தி, தலையைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே எட்டிப் பார்ப்பாள். புதிதாகக் கை கொடுத்தவர், தன் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போல என்று வெட்கப்பட்டுப் போவார்.

"பாருங்களேன், நடுவுல தொடவே இல்ல. முழுக் கையும் தொடுதுன்னுதான நெனைச்சீங்க? வெரல் தொடுது, அடிக்கை தொடுது. அவ்வளவுதான். நடுவுல வெறும் காத்து."

சொல்லிவிட்டு ஒரு அழுத்து அழுத்துவாள். "இப்பக் கொஞ்சம் தொடுது." அதற்குப் பிறகுதான் அந்தக் கைக்கு விடுதலை.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவர் முதல் புதிதாகக் குடிவந்த வங்கி மேலாளர் வரை எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை நடந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கியபோது வாழ்த்துச் சொல்ல வந்தாள். வாழ்த்தை மறந்துவிட்டு, "அங்கிள், உங்க கைல காத்து ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சங்கத்தில் நான் செய்த வேலைகளைப் பார்த்தவர்கள் அது உண்மைதான் என்பார்கள்.

தாம்பரம் கிழக்கில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் இருக்கிறோம். தரைத்தளத்தில் நானும் என் மனைவி ஞானாம்பாளும். மூன்றாவது மாடியில் அபியும், அவள் மாமியார் புஷ்பம் டீச்சரும். அபியின் கணவன் ஆரோன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். சில மாதம் கடல், சில மாதம் வீடு. அபிக்கு நாற்பது நெருங்குகிறது. முனைவர் பட்டம் வாங்கிய பெண்ணை 'அவள்' என்று எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். "அவர்னு எழுதினா வேற யாரையோ எழுதின மாதிரி இருக்கும் அங்கிள்" என்றாள். என் மகள் வயது. அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்கு வேலை, வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில். கியர் என்று நாம் சொல்கிற பற்சக்கரங்களில், ஒரு சக்கரத்தின் பல்லும் இன்னொன்றின் பல்லும் எந்த இடத்தில் தொடுகின்றன என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு படிப்பா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"பல்லோட பல்லு மாட்டித்தானம்மா சக்கரம் சுத்துது. தொடாம எப்படிச் சுத்தும்?"

"தொடும் அங்கிள். எங்க தொடுது, எவ்வளவு தொடுதுங்கறதுதான் கேள்வி." இரண்டு கை விரல்களையும் கோர்த்துக் காட்டினாள். "பாக்கறதுக்குப் பல்லு பூரா தொட்ட மாதிரிதான் இருக்கும். நெஜத்துல ஓரத்துல ஒரு துளி எடம் மட்டும் தொட்டுட்டு இருக்கும். மொத்த பாரத்தையும் அந்தத் துளி எடமே தாங்கும். பாவம், தாங்கித் தாங்கி ஒரு நாள் பொட்டுனு போயிடும்."

இரும்பைப் பற்றிப் பேசும்போது 'பாவம்' என்று சொல்கிற ஒருத்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பட்டறைகளில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றிவிட்டு, அடுத்த பல்லில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அபியின் வழி வேறு. பல்லின் முதுகில் ஒரு சின்னக் கருவியை வைத்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்புகிறாள். அது இரும்புக்குள் ஓடி மறுபக்கம் போகிறது. அங்கே அடுத்த பல் தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி அதற்குள் இறங்கிப் போய்விடும். தொடாமல் நடுவில் காற்று இருந்தால், போக வழியில்லாமல் திரும்பி வரும்.

"அப்ப நெறைய சத்தம் திரும்பி வந்தா?"

"தொடலைன்னு அர்த்தம்."

"கம்மியா வந்தா?"

"நல்லாத் தொடுதுன்னு அர்த்தம்."

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் சொல்வது எதற்கும் ஞானாம்பாளிடமிருந்து பதில் வருவதில்லை. நாங்கள் நல்ல ஜோடிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கருவிக்கும் இரும்புக்கும் நடுவில் மயிரிழை காற்று இருந்தாலும் ஒலி உள்ளே நுழையாது. அந்தக் காற்றை விரட்டத்தான் ஜெல். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் சில்லென்று தடவுகிறார்களே, அதே ஜெல். தாம்பரம் மார்க்கெட் பக்கம் லோகநாதன் என்பவரின் மருந்துக் கடையில் பெரிய கேனாக வாங்கி வருவாள். "உங்க ஸ்கேன் சென்டர் எந்தப் பக்கம் மேடம்?" என்று அவர் கேட்காத நாளில்லை. கியர் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. இப்போது, "வண்டலூர் பக்கம்" என்று மட்டும் சொல்கிறாள்.

மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கும் அவ்வப்போது சோதனைக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் கேனோடு வரும் சின்ன பாட்டிலில் ஜெல்லை நிரப்பி எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாள். கூடவே ஆரோனின் பழைய பனியனைக் கிழித்த ஒரு துண்டுத் துணி. ஈரம் நின்றால் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே ஜெல் பட்ட இடத்தை அடுத்த நிமிடமே துடைத்தாக வேண்டும். இந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகாமல் வீடுவரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டு டம்ளர் வைத்த வட்டத்தைத் துடைப்பாள். பேசிக்கொண்டே பக்கத்து டம்ளரின் வட்டத்தையும் துடைப்பாள். ஈரமே இல்லாத மேஜையைத் துடைத்தால், மனதில் ஏதோ ஓடுகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ஊர் முழுக்கக் கை கொடுத்துப் பார்த்தவள், ஒருவர் கையை மட்டும் அப்படிப் பிடித்ததில்லை. அது புஷ்பம் டீச்சரின் கை.

டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த உட்கார்வு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, அளந்த பேச்சு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒருநாள்கூடச் சண்டை கிடையாது. ஞானாம்பாள் கீழே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தும் பலனில்லை. காலையில் டீச்சர் மதியச் சாப்பாட்டைக் கட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, பைபிளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். "வரேன் அத்தை" என்பாள் அபி. "ம்" என்பார் டீச்சர். ஆலயத்தில் ஆராதனைக்கு நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் ஒன்று உண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இந்த இருவரும் கைகூப்பி வணங்கிக்கொள்வார்களாம். அவ்வளவு மரியாதை. 

எப்போதும் இப்படி இருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அபி இருமுறை கருவுற்றாள். முதல்முறை டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொன்னார், சபை முழுக்கச் சொன்னார். கரு நிற்கவில்லை. சொன்ன வீடுகளுக்கெல்லாம் மறுபடி ஏறி இறங்கி, "ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லி வந்தார். இரண்டாவது முறை பயந்து பயந்து நாலைந்து பேரிடம் மட்டும் சொன்னார். அதுவும் நிற்கவில்லை. அதன்பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே கிடையாது. நல்ல டாக்டர் என்று யாராவது ஆரம்பித்தால்கூட, "மழை வரும்போல இருக்கு" என்று எழுந்துவிடுவார்.

"அத்தைக்கு எம்மேல கோவம் ஆன்ட்டி" என்று ஞானாம்பாளிடம் ஒருமுறை அபி சொல்லியிருக்கிறாள். "திட்டினாக்கூடப் பரவால்ல. ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறாங்க. நானும் போய் என்னன்னு கேக்கறது?"

அந்த வீட்டுக்குள்தான் இந்தப் பாட்டில் உருண்டு வந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு நடுவே எழுந்து நிற்கும்போது அபியின் பை சரிந்து, ஜெல் பாட்டில் தரையில் உருண்டு, முன்வரிசையில் பிளஸ்ஸி அக்காவின் காலடியில் போய் நின்றது. பிளஸ்ஸி, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். இரண்டு பிள்ளை பெற்றவர். அந்த ஜெல் வயிற்றில் படும்போது எப்படிச் சில்லிடும் என்று அவருக்குத் தெரியும். பாட்டிலை எடுத்தார். அதன்மேல் 'ஸ்கேன் ஜெல்' என்று அச்சிட்டிருந்ததைப் படித்தார். முந்தானைக்குள் மறைத்து அபியிடம் கொடுத்து, அவள் கையை இறுக்கிப் பிடித்தார். கண் நிறைந்திருந்தது.

"ஒண்ணும் சொல்லாதம்மா. நான் ஜெபிச்சுக்கறேன்."

அபி அப்போது ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். பிளஸ்ஸி அக்கா எவ்வளவு அன்பானவர் என்று நினைத்து, "ரொம்ப தேங்க்ஸ்க்கா, கண்டிப்பா ஜெபிங்க" என்றிருக்கிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்?

பிளஸ்ஸியின் ஜெபம் இரண்டே நாளில் சபை முழுக்கச் சுற்றி டீச்சரின் காதுக்கும் வந்தது. ஸ்கேனுக்குப் போகிறவர்கள் ஜெல்லைத் தாங்களே கையோடு வாங்கிப் போவதில்லை என்பது அந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆரோன் விடுமுறை முடிந்து கப்பலுக்குத் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எல்லாருடைய கணக்கும் அழகாக உட்கார்ந்துவிட்டது. அத்தனை வருடம் காத்திருந்த சந்தோஷம் வந்து வாசலில் நிற்கும்போது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கு மனம் வரும்?

அடுத்த வாரத்தில் அபியைச் சுற்றி உலகம் கொஞ்சம் விநோதமாக நடந்துகொண்டது. பெண்கள் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலியை மடிக்கப் போனால் யாரோ வந்து பிடுங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு வரிசையில் அவளை முன்னால் தள்ளினார்கள். அவள் தட்டில் இருந்த பப்பாளித் துண்டுகளை மட்டும் ஒரு அம்மா தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். "அவங்களுக்குப் பப்பாளின்னா அவ்வளவு உயிரு போல" என்று அபி எங்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கும் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. முட்டி வலியால் லிஃப்ட் இல்லாத நாளில் வாசலைக்கூடத் தாண்டாத புஷ்பம் டீச்சர், மின்சாரம் போயிருந்த ஒரு மதியத்தில் மூன்று மாடியைப் படிப்படியாக இறங்கி வந்து, "மாவடு இருக்குமா?" என்று கேட்டிருந்தார். "எனக்குத்தான். வாய்க்கு ஒரு மாதிரி இருக்கு." வயிற்றுப்புண்ணுக்காகக் காரத்தையும் உப்பையும் விட்டவர் அவர். ஞானாம்பாள் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜாடியோடு எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் புளியோதரை கிண்டி என்னிடம் கொடுத்து அனுப்பினாள். படியில் எதிரே வந்த அபியிடம், "இனிமே மாடிப்படி எல்லாம் வேண்டாம்மா, லிஃப்ட்லயே போ" என்றேன் நான், பெரிய மனிதனாக.

"படில ஏதாச்சும் வேலை நடக்குதா அங்கிள்?" என்றாள் அபி.

அந்த நாட்களில் டீச்சரின் முகம் மாறியிருந்தது. பால்கனியில் துணி காயப்போடும்போது பாமாலைப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பது கீழேவரை கேட்டது. ஆனால் அபியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று இருந்தார். அவர் காத்திருக்கிறார் என்பதே அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு குட்டு உடைந்தது. ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசிக்கும் வழக்கம் உண்டு. பிறந்தநாள், புது வீடு, பையனுக்கு வேலை, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று உறையின்மேல் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆயர் ஒவ்வொன்றாகப் படிப்பார். அன்றைக்கு நாலைந்துக்குப் பிறகு, "பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாயார், தன் மருமகளுக்கு ஆண்டவர் செய்த நன்மைக்காக" என்று படித்தார். முன்வரிசைத் தலைகள் ஒரே நேரத்தில் லேசாகத் திரும்பின. திரும்பிய வேகத்தில் நேராகிக்கொண்டன.

பப்பாளி, நாற்காலி, மாவடு, லிஃப்ட் எல்லாம் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு அபியின் தலைக்குள் சுற்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்ததும் பைக்குள்ளிருந்து துணியை எடுத்து, காய்ந்து கிடந்த மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"பக்கத்துல திரும்பிப் பாத்தேன் ஆன்ட்டி. அத்தை கண்ண மூடிட்டு இருந்தாங்க. ஆனா அந்த முகம்... அப்படி ஒரு முகத்தோட நான் அவங்களப் பாத்ததே இல்ல." துணி ஒரே இடத்தில் போய்ப்போய் வந்தது. "நான்தான இல்லன்னு சொல்லணும்? அப்புறம் அவங்க மறுபடியும் எல்லார் வீட்டுக்கும் போய் இல்லன்னு சொல்லணும். மூணாவது தடவ. எப்படி ஆன்ட்டி?"

ஞானாம்பாள் அழுதுவிட்டாள். ஆண்பிள்ளை என்கிற முறையில் நான் ஒரு யோசனை சொன்னேன். "ஆரோனை விட்டு ஃபோன்ல பக்குவமா..." ஞானாம்பாள் பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் என் வாயிலேயே தங்கிவிட்டது.

வெகுநேரம் துடைத்த பிறகு அபி நிமிர்ந்தாள். "வாயால சொன்னா எனக்கு வராது. சனிக்கிழமை அத்தைய லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன். பாட்டில் எதுக்குன்னு அவங்களே பாக்கட்டும். கார் எடுக்கறீங்களா அங்கிள்? அவங்க முட்டிக்கு ட்ரெயின் முடியாது."

சனிக்கிழமை கார் கிளம்பியதுமே டீச்சர் ஒரு சிறு தலையணையை எடுத்து அபியின் முதுகுக்குப் பின்னால் செருகினார். மடியில் ஃப்ளாஸ்க். பெருங்களத்தூர் வருவதற்குள், "சார், பள்ளத்துல மெதுவா" என்று என்னிடம் எத்தனை முறை சொன்னாரோ. ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நான் பிரேக் போட்டபோது, அவர் கை தானாக நீண்டு அபிக்கு முன்னால் தடுப்பாக நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அபி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லீவு நாள்ல என்ன லேபு?" என்றார் டீச்சர். "இந்த நேரத்துல கூடவா வேல வேலன்னு அலையணும்? ஒடம்பப் பாக்க வேண்டாமா?"

அது திட்டு. வெகுகாலத்துக்குப் பிறகு மாமியாரிடமிருந்து அபிக்குக் கிடைத்த திட்டு. அதைக் கேட்ட எனக்கே, காரை அப்படியே திருப்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் முனிரத்தினம் காத்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், சனிக்கெயமகூட வுட மாட்டீங்களா?" என்றவர், டீச்சரைப் பார்த்ததும் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். ஒரு மேடைமேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு பற்சக்கரங்கள், பல்லோடு பல் கோத்து நின்றன. ஒன்றிலிருந்து நீண்ட இரும்புக் கை. அதில் எடைக்கல்லை ஏற்ற ஏற்ற, பல் பல்லை அழுத்தும்.

அபி துணியை என்னிடம் கொடுத்தாள். "இத வச்சிருங்க அங்கிள்." கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள்.

டீச்சர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். அபி அதன் மூடியைத் திறந்து, ஒரு பல்லின் முதுகில் ஜெல்லைப் பிதுக்கினாள். கருவியை அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் இருந்த கணினித் திரையில் ஒரு சதுரம் முழுக்கச் சிவப்பாக எரிந்தது.

"அபி, இது..."

"இதுக்குத்தான் அத்தை." அபி திரும்பவில்லை. "இந்த ஜெல் இதுக்குத்தான். எப்பவும் என் பைல இருக்கும். வேற எதுக்கும் இல்ல அத்தை."

முனிரத்தினத்துக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், எடைக்கல்லை ஓசையில்லாமல் கீழே வைத்தார். நான் சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளைப் படிக்கிற மாதிரி நின்றேன்.

டீச்சர் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினார். திறந்தார். மறுபடி மூடினார். அவர் முகத்தில் இத்தனை நாள் இருந்த வெளிச்சம் இறங்குவதை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அழுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை மேடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்.

"செவப்புன்னா என்ன?"

"சத்தம் திரும்பி வருது. அங்க தொடலை."

"தொட்டா?"

"திரும்பி வராது. நீலமாயிடும்."

முனிரத்தினத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் ஒரு கல்லை ஏற்றினார். சிவப்புக்கு நடுவில் ஒரு நீலக் கீற்று தோன்றியது. இன்னொரு கல். கீற்று அகலமாயிற்று. "நமக்கு ஒரு சத்தமும் கேக்காதும்மா" என்று முனிரத்தினம் டீச்சரிடம் விளக்கினார். "மேடம்தான் கேக்குதுன்னு சொல்லிக்கினு கீறாங்க."

டீச்சர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இத்தன வருஷம் ஒண்ணும் கேக்காம இருந்தேனே. நீ அத என்னன்னு நெனைச்ச?"

"கோவம்னு."

"கோவமா?" டீச்சர் நிஜமாகவே திகைத்துப்போனார். "ரெண்டு தடவையும் வெளிய போய்ச் சொன்னது நான். வந்து வந்து உன்னத் துக்கம் கேட்டாங்களே, அது என்னாலதான. இனிமே என் வாயால உனக்கு வலி வரக்கூடாதுன்னு மூடிக்கிட்டேன்மா. கோவம்னா நெனைச்ச?"

அபி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "காணிக்கை குடுத்தீங்களே அத்தை" என்றாள் சின்னக் குரலில்.

"குடுத்தா குடுத்ததுதான். திருப்பியா வாங்குவாங்க? மருமகளுக்குச் செஞ்ச நன்மைக்காகன்னுதான எழுதினேன். என்ன நன்மைன்னு எழுதலையே." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிளஸ்ஸிகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் பேசிக்கறேன். நீ ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேணாம். யாராச்சும் கேட்டா என்கிட்ட அனுப்பு."

அபி தலையாட்டினாள். கண்ணீர் கன்னத்தில் ஓடி மேடைமேல் விழுந்தது. இரும்பில் ஈரம் படுகிறதே என்ற நினைப்பு அவளுக்கு அப்போதும் இருந்திருக்க வேண்டும். கை தானாகத் துணியைத் தேடியது.

"கையக் குடு" என்றார் டீச்சர்.

அபி தயங்கி நீட்டினாள். டீச்சர் மேடையில் இருந்த பாட்டிலை எடுத்தார். தன் வலது உள்ளங்கையின் குழியில் ஜெல்லைத் தாராளமாகப் பிதுக்கினார். அந்தக் கையால் மருமகளின் கையைப் பிடித்து, இடது கையையும் மேலே வைத்து இறுக்கிக்கொண்டார்.

"இப்பப் பாரு. நடுவுல தொடுதா?"

அபி குனிந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளில் ஜெல் பிதுங்கி வழிந்து, இருவரின் மணிக்கட்டிலும் இறங்கி, சக்கரத்தின்மேல் சொட்டியது. முனிரத்தினம் பதறிப்போய்த் துணிக்காக என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

நான் அதை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.